மீசைக்கு விழுந்த ஓட்டு

நிருபர் வேலையில் தலைவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்கள் எப்படித் தலைவரானார்கள் என்று எழுதத்தான் பத்தியில் இடம் இருக்காது. முகத்தைப் பார்த்து மாடு வாங்கி, மாப்பிள்ளை பிடித்து ஏமாந்த வாசகர்களே, உங்களுக்குத் துணையாக எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலை முதலாளிகளும் இருக்கிறார்கள்.

கன்னக்குழி

கழக ஆட்சி வந்த புதிது. வயல்களில் ஏறிய செங்கொடி ஆலைகளுக்கும் வந்தது. அவித்த நெல்லைக் களத்தில் காலால் கிளறிக் காயவைக்கும் பெண்கள், உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓய்வு கேட்டார்கள். கொடுக்காவிட்டால் வேலைநிறுத்தம். பேச்சுவார்த்தைக்குப் போக முதலாளிகள் சங்கத்துக்கு அவசரமாக ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

இரண்டு முதலாளிகள் போட்டியிட்டார்கள். ராஜமாணிக்கம் சட்டம் தெரிந்தவர், லேசில் எதையும் விட்டுக்கொடுக்காதவர். ஆனால் வாயைத் திறந்தாலே கன்னத்தில் குழி விழும். கோவிந்தசாமிக்கோ கொடுவாள் மீசை, சிவந்த கண். எல்லாக் கையும் மீசைக்கே உயர்ந்தது. ஏன் என்று பக்கத்திலிருந்த முதலாளியைக் கேட்டேன்.

"அந்தக் கன்னத்தை அனுப்பினா, ஓய்வோட பந்தலும் போட்டுக் குடுத்துட்டு வந்துடும் சார்!"

சிவந்த கண்

செய்திக்குப் படம் வாங்கக் கோவிந்தசாமி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்த அவர் மனைவியிடம், "அண்ணன் கண்ணைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது கோபம் இல்லீங்க, உமித்தூசி. நெல்லு திங்கிற கோழியைக்கூட இவருக்கு விரட்டத் தெரியாது. சங்கத்துல யாரும் என்னைக் கேக்கலையே!"

பேச்சுவார்த்தை

தாசில்தார் முன்னால் பெண்கள் சார்பில் அஞ்சலை எழுந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார். பங்குனி வெயிலில் களம் எப்படிச் சுடும், கொப்புளம் உடைந்த காலோடு நெல்லைக் கிளறினால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். கோவிந்தசாமியின் மீசை துடித்தது. முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துப் பூரித்தார்கள்.

மீசைக்காரர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "ஒரு மணி நேரம் போதுமாம்மா?"

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அதற்குள் தாசில்தார் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிவிட்டார்.

வெளியே ஒரே குலவைச் சத்தம். பயமாக இல்லையா என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"அந்த மூஞ்சியைப் பார்த்தா அரை மணிகூட வாயில வராதுன்னு தெரியும் சார். அதான் நிமிரவே இல்லை."

சங்க வாசலில்

முதலாளிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜமாணிக்கம் மட்டும் என்னைத் தனியே அழைத்துப் போய், கன்னம் குழியச் சிரித்தார்.

"என்னை அனுப்பியிருந்தா, கால் மணி ஓய்வோட முடிச்சு, அதுக்கு நன்றியும் சொல்ல வச்சிருப்பேன் சார்."

சங்கம் பாடம் கற்றுக்கொண்டது: அடுத்த தேர்தலில் இன்னும் பெரிய மீசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.