அவள் கைக்கு ஒரு கமெரா

கடையில் நின்று யோசிக்கும் பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்தமுறை வாரக்கணக்காகக் கைபேசியில் கமெராக்களின் எடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் வகைக் கமெராதான் என்று முடிவாகிவிட்டது. கைக்கடக்கமான சின்னதா, பிடி பருத்த பெரியதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் உள்ளே படம் பதியும் சென்சர் ஒரே மாதிரித்தான், படமும் ஒன்றுபோலத்தான் வரும். எனக்குப் பாரம் குறைந்தால் போதும். மார்பிலிருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்த பிறகு என் மனைவியின் வலது கை வீங்கத் தொடங்கியிருந்தது. பழைய கமெராவை அவளால் தூக்கவே முடியவில்லை.

நாங்கள் இருவரும் கலியாணப் படம் எடுப்பவர்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பக்கம் எனக்கு இடமில்லை. அங்கே அவள்தான் எடுப்பாள். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் ஏற்றுவது, திருத்துவது, அல்பம் அடுக்குவது எல்லாம் அவளேதான். அந்த நேரத்தில் நான் அறைக்குள் போகமாட்டேன். இத்தனை வருடத்தில் அவள் எடுத்த மணப்பெண்களில் ஒருத்தியின் முகமும் எனக்குத் தெரியாது. கலியாண வீட்டில் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள். நான் பை தூக்கி வந்த ஆள். அந்த வேலைக்கு அவள் திரும்பிப் போய்விட்டால் நோயும் போய்விட்டதாக அர்த்தம் என்று எனக்குள் முடிவுகட்டியிருந்தேன். முட்டாள்தனம்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன்.

டவுனில் பழக்கமான கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். சின்னதை அவள் கையில் கொடுத்தேன்.

"பஞ்சு மாதிரி இருக்கு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அதை வாங்கிவிட்டதுபோல ஆகிவிட்டது. அவள் அதைத் திருப்பிப் பார்த்து, மெமரி கார்ட் போடும் மூடியைத் திறந்தாள்.

"இதில ஒரு கார்ட்தான் போடலாம். அது பழுதாப் போனா படமெல்லாம் போயிடும். இன்னொருக்காக் கலியாணம் கட்டுங்கோ எண்டு கேப்பீங்களோ?"

"அதை நான் பாக்கிறன். உமக்குப் பாரம் தூக்க ஏலாது. இதுதான் சரி."

"பெரிசில ரெண்டு கார்ட் போடலாம். பெரிசை எடுங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையென்றும் பாராமல் சத்தம் போட்டேன். "உம்மட கைக்குத்தானே வாங்க வந்தனாங்கள்? என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

அவள் பதிலுக்குக் கோபிக்கவில்லை. பெரியதை இடது கையால் எடுத்து என் கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் பிடியில் மடித்துவிட்டாள்.

"உங்கட கைக்கு இது வடிவா இருக்கு," என்றாள். "இனி நீங்கள் தனியத்தானே எடுக்கப் போறீங்கள்."

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

பெரியதையே வாங்கினோம். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் பற்றரியைப் போட்டு, முதல் படம் உம்முடையதாக இருக்கட்டும் என்று அவளிடம் கேட்டேன். குசினி வாசலில் நின்றவள் தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைமயிர் வளரட்டும், எடுப்பம்."

ஓம் என்றேன். அவள் ஒரேயடியாகப் போகும்போதும் அது வளர்ந்திருக்கவில்லை.