நாலு பேராக ஆடிய இறுதி ஆட்டம்

கல்லூரி திரும்பத் திறந்த அந்த ஆவணியில் எங்கள் பாஸ்கெட்பால் கோர்ட்டில் கொரோனாத் தடுப்பூசிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் சற்று நேரம் உட்காருவதற்காக வரிசையாக நாற்காலிகள். வளையத்துக்கு நேர் கீழே ஒரு நர்ஸ் மேசை போட்டிருந்தார். நான் இறுதியாண்டு. முதல் வருடம் அரையிறுதியில் தோற்றோம். இரண்டாம் வருடம் முழுக்க வடகரை வீட்டில், டவர் கிடைக்கிற மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் பாடம் கேட்டே போயிற்று. எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு சீசன்தான்.

அணியில் மிஞ்சியது நாங்கள் ஏழு பேர்தான். மற்றவர்களை வீட்டில் விடவில்லை. என்னையும் விடுவதாக இல்லை. "ஊரே மூக்க மூடிட்டுத் திரியுது, ஒனக்குப் பந்து கேக்குதோ?" என்றார் அப்பா. அம்மா நான் ஊசி போட்ட சான்றிதழை எடுத்துக் காட்டி, "ரெண்டு வருசமா அடைஞ்சு கெடக்கா, போகட்டும்" என்றாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

விளையாட இடம் பிடித்தவர் எங்கள் உடற்கல்வி ஆசிரியை. எங்களுக்கு அவர் பி.டி. மேடம். குற்றாலத்தில் அருவிகளில் குளிக்கத் தடை இருந்த நேரம் அது. லாட்ஜுகள் பூட்டிக் கிடந்தன. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் மேடத்தின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சியின் லாட்ஜ் இருந்தது. வேன்கள் நிறுத்துகிற அதன் சிமெண்டு முற்றத்தைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"சீசன்ல இங்கன கால் வைக்க எடமிருக்காது மேடம். இப்பப் பாருங்க, நாய் படுத்துக் கெடக்கு. பிள்ளைகளாவது வந்து சத்தம் போடட்டும்" என்றார்.

ஜெனரேட்டர் அறையின் சுவரில் பழைய போர்டையும் வளையத்தையும் ஆள் வைத்து மாட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

முதல் நாள் போனபோதே சாரல். மலைப்பக்கமிருந்து அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பந்தைத் தரையில் தட்டினால் திரும்பக் கைக்கு வரவில்லை, வழுக்கிக்கொண்டு வாசல் பக்கம் ஓடியது. நாங்கள் சிரித்து உருண்டோம். மேடம் சிரிக்கவில்லை. "தரையில தட்டவே வேண்டாம். கைக்குக் கை போட்டே கொண்டு போங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஆட்டம். ஈரப் பந்தை மார்போடு வாங்கி, அதே வேகத்தில் அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டு ஓடுவது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகள் இரண்டு பேர் வேலையில்லாமல் படியில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு இருந்த ரசிகர்கள் அவர்கள் மட்டும்தான். பந்து வளையத்துக்குள் விழுந்தால் துண்டைச் சுழற்றுவார்கள். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது ஜெர்சி உடம்போடு ஒட்டியிருக்கும், பல் கிடுகிடுக்கும். எனக்கோ சந்தோஷம் தாங்காது.

மார்கழியில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி அறிவித்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடக்கும், பார்வையாளர் கிடையாது, ஆடுகிற எல்லோரும் பரிசோதனை செய்திருக்க வேண்டும். முடிவு வந்தபோது இரண்டு பேருக்குப் பாசிட்டிவ். அதில் ஒருத்தி எங்கள் நெட்டச்சி. தென்காசிக்காரி, வளையத்துக்கு அடியில் நின்றால் அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது. அவள் வீட்டு மாடியறையில் அடைபட்டாள்.

மேடம் எங்களை அழைத்துக் கேட்டார். "அஞ்சு பேருதான் இருக்கீங்க. மாத்த ஆள் கெடையாது. ஆடுதமா, வேண்டாம்னு எழுதிக் குடுத்திரவா?"

எங்களில் ஆகக் குட்டையானவள் சுந்தரபாண்டியபுரத்துக்காரி, போலீஸ்காரர் மகள். அவள்தான் முந்திக்கொண்டாள். "கோர்ட்டுக்குள்ள அஞ்சு பேருதான மேடம் நிக்கணும்? மத்தவங்க பெஞ்சுலதான உக்காருவாங்க?"

மேடம் அன்றுதான் முதன்முதலாக எங்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

போட்டி நாள் காலையில் நேரே அரையிறுதி. மூச்சு வாங்க வாங்க ஜெயித்தோம். இறுதி ஆட்டம் மறுநாள் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மேடம் வேகமாக வந்தார். "நாளையிலருந்து காலேஜ் எல்லாம் மறுபடி மூடுதாங்க. ஃபைனல் இன்னைக்கே, மத்தியானம்." என் கால்கள் கனத்துக் கிடந்தன. ஆனாலும் பாதிப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

எதிரணியில் பெஞ்சு நிறைய ஆள். களைத்தவள் வெளியே போனால் புதியவள் உள்ளே வருவாள். எங்களுக்கு நின்று தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. காலியான கேலரியில் எங்கள் ஷூ சத்தம் எதிரொலித்தது. மேடம் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தியது யாருக்கும் புரியவில்லை. அவர் கையில் பிடித்திருந்த போனில் நெட்டச்சி வீடியோ காலில் இருந்தாள். அவள் இருமிக்கொண்டே கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஏட்டி, எடது பக்கம் ஒருத்தி வாரா! எடது பக்கம்!"

கடைசிக் கால்பகுதியில் சுந்தரபாண்டியபுரத்துக்காரிக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. வெளியே போக வேண்டியதுதான். அவள் அழுதுகொண்டே போய் எங்கள் காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். நாங்கள் நாலு பேர், அவர்கள் ஐந்து பேர்.

"பரவாயில்ல, நாலு பேராவே ஆடலாம். ரூல்ல எடமிருக்கு" என்று மேடம் மாஸ்க்கை இறக்கிச் சொன்னார். "தரையில தட்டாதீங்க. லாட்ஜுல ஆடினத ஆடுங்க."

ஆடினோம். பந்து எங்கள் கையில் நிற்கவே இல்லை. வாங்கினோம், தள்ளினோம், ஓடினோம். எங்களைப் பிடிக்க வந்த இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ஆறு புள்ளி பின்னாலிருந்தவர்கள் சமத்துக்கு வந்துவிட்டோம். கடைசி நிமிடத்தில் நான் வளையத்தை நோக்கி எம்பியபோது ஒருத்தி என் கையில் அடித்துவிட்டாள். விசில். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. லாட்ஜில் ஈரப் பந்தைத் துடைத்த பழக்கத்தில் பந்தை ஷார்ட்ஸில் துடைத்தேன், அது காய்ந்துதான் இருந்தது. இரண்டாவது பந்து வளையத்தை ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

இன்னும் சில நொடிகள். அவர்கள் ஓடி வந்து எறிந்தார்கள். நாங்கள் நாலு பேரும் கையைத் தூக்கி எம்பினோம். பந்து போர்டில் பட்டு, வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து, வெளிப்பக்கமாக உருண்டது. மணி அடித்தது. நான் தரையிலேயே மல்லாந்து விழுந்தேன். பெஞ்சிலிருந்து ஓடி வந்தவள் என்மேல் விழுந்தாள்.

கை கொடுக்கக் கூடாது என்பதால் எதிரணி கேப்டன் முழங்கையால் என் முழங்கையை இடித்தாள். "நாலு பேரா நின்னு ஜெயிச்சிட்டீங்களே, எங்க மாஸ்டர் இனி எங்கள உயிரோட விடமாட்டார்" என்று சிரித்தாள். கோப்பையை ஒரு மேசைமேல் வைத்துச் சானிடைசர் அடித்துவிட்டு எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வேன் தென்காசிக்குள் நுழைந்ததும் நெட்டச்சி வீட்டுத் தெருவுக்கு விடச் சொன்னோம். அவள் அம்மா வாசலிலேயே கையைக் காட்டித் தடுத்தார். "பிள்ளைகளா, அங்கனயே நில்லுங்க!" தெருவில் நின்று கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போர்வையைப் போர்த்தியபடி அவள் எட்டிப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, மொத ஃப்ரீ த்ரோவ அப்படியா விடுவ?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "எனக்குக் காச்சலே ஏறிப்போச்சுட்டி!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ கை தட்டினார்கள். நாங்கள் அந்தத் தெருவிலேயே குதித்தோம்.