வெள்ளைத் தண்ணீர் இறங்கிய மத்தியானம்

ஓசூருக்கு வந்த மூன்றாவது வருஷம் என்னை ஒரு பால வேலையில் போட்டார்கள். சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து இறங்கி வரும் ஓடை அது. அதன்மேல் இருந்த பழைய பாலத்தில் எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று நின்றுதான் போகவேண்டும். தொழிற்சாலை வண்டிகள் பெருகிவிட்டதால், அதை இடித்துவிட்டு அகலமாகக் கட்ட உத்தரவு.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவரோடு வந்தவள், சிவில் படித்திருந்ததால் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். இந்தப் பாலத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு பக்கம் முழுக்க ஓடையைப் பற்றியே எழுதியிருந்தது. சிமெண்ட், சேறு, டீசல் எதுவும் தண்ணீரில் இறங்கக்கூடாது. வேலை நடக்கும் இடத்தைத் தொடாமல் ஓடையைப் பெரிய குழாய்கள் வழியாகச் சுற்றி விடவேண்டும். கான்கிரீட் லாரி கழுவுவதற்கு, அடியில் தார்ப்பாய் விரித்த குழி தனியாக வேண்டும். மேனேஜர் அந்த இரண்டு பக்கத்தையும் கிளிப் போட்டு என் கையில் கொடுத்து, "இது உங்க பொறுப்பு" என்றார்.

சைட்டில் எனக்கு அடுத்து இருந்தவர் ஃபோர்மேன். சேலத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். வேலை தெரிந்த மனிதர். ஆனால் ஓடை விஷயத்தில் நான் பிடிக்கும் பிடிவாதம் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "மேடம், ஒரு மழை வந்தா நாம கலக்குறதவிட பத்து மடங்கு சேறு தானா வரும்" என்பார். அதில் பொய்யில்லை. மழைச் சேறு வேறு, சிமெண்ட் தண்ணீர் வேறு என்று நான் சொல்வேன். கேட்டுக்கொள்வார், சிரிப்பார், சொன்னதையும் செய்துவிடுவார்.

இடிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தாள். அரை கிலோமீட்டர் கீழே நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாளாம். தக்காளி, கோஸ், குடைமிளகாய் நாற்று. நிழல்வலைக் கூடாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் சின்னக் குழித்தட்டுகள். ஓடையில் மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்றித்தான் எல்லாவற்றுக்கும் தண்ணீர். பாட்டிலில் இருந்தது எங்கள் இடிப்புச் சேறு.

"இத நாத்துக்கு விட்டா என்னாகும்னு நீயே சொல்லும்மா" என்றாள்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். தமிழ் சரளமாக வரும், கொஞ்சம் இழுத்துப் பேசுவாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுநாளே ஓடைக் குறுக்கே சேறு வடிக்கும் துணித் திரையை இரண்டு வரிசையாகக் கட்டச் சொன்னேன். அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் கலங்கும்படியான வேலை எது என்றாலும் முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்வேன். அவள் அன்றைக்கு மோட்டார் போடமாட்டாள். இப்படி இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. போகிறபோது வருகிறபோது நிற்பேன், கூடாரத்தைச் சுற்றிக் காட்டுவாள். அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது, அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளைப் பற்றி.

முந்தின சாயங்காலம் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் லாரி கழுவும் குழி விளிம்புவரை மழைத் தண்ணீர். இறைத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும், ஆனால் இறைக்கும் மோட்டாரை அஸ்திவாரப் பள்ளத்தில் போட்டிருந்தோம். முதல் லாரி கொட்டி முடித்து நிற்கிறது. உடனே கழுவாவிட்டால் மிச்சக் கான்கிரீட் உள்ளே கல்லாகிவிடும். பின்னால் இரண்டு லாரி வரிசையில்.

ஃபோர்மேன் என்னிடம் வந்தார். "அந்தப் பக்கம் மண் எடுத்த குழி ஒண்ணு இருக்கு மேடம். இன்னிக்கு ஒருநாள் அதுல கழுவிக்கட்டுமா?"

போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கும் குழிக்கும் இருபது அடிக்கு மேல் இருந்தது. மண் கெட்டியாகத்தான் தெரிந்தது. தார்ப்பாய் இல்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். "சரி, இன்னிக்கு மட்டும்" என்றேன்.

அவர் கேட்டார், சரி என்றது நான். அதனால்தான் பிறகு யார் கேட்டபோதும் இதை என் வாயால் சொன்னேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ ஓடைப் பக்கம் போனேன். குழாய்கள் தண்ணீரைக் கொட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கரையோரமாக, பால் ஊற்றியது போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாயிற்று. பழைய பாலத்தின் கல் வடிகால் ஒன்று மண்ணுக்கடியில் இருந்திருக்கிறது. எங்கள் வரைபடத்தில் அது இல்லை. குழியில் நின்ற சிமெண்ட் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு நேராக ஓடையில் இறங்கியிருந்தது.

என் பையில் எப்போதும் காரம் பார்க்கும் தாள் இருக்கும். நல்ல தண்ணீரில் பச்சையாகவே நிற்கும், காரம் ஏற ஏற நீலமாகும். நனைத்தேன். கருநீலம். சுண்ணாம்புத் தொட்டியில் நனைத்தால் அப்படி வரும். மீன் நிற்காது. முளைத்து ஒரு வாரமான நாற்றும் நிற்காது.

அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அன்றைக்கு நடப்பது பள்ளத்துக்குள் போடும் கான்கிரீட், ஓடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முந்தின நாள் நானே சொல்லியிருந்தேன். மோட்டார் போட்டிருப்பாள்.

கரையோரமாக ஓடினேன். ஓடை அந்த மாதத்தில் மெல்லத்தான் நடக்கும். வெள்ளை என் இடப்பக்கம் கூடவே வந்தது, பிறகு பின்தங்கியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை குறுகும் ஓர் இடம் உண்டு. அங்கே தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. நின்று ஃபோர்மேனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பாறைக்கு நடுவுல மணல் மூட்டை போடணும். இருக்கிற ஆள் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வெள்ளைத் தண்ணி வருது."

"வந்துட்டேன் மேடம்" என்றார்.

நான் இன்னும் கீழ்நோக்கி ஓடினேன். மோட்டார் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அக்கா கூடாரத்துக்குள் தட்டுகளுக்குப் பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டர நிப்பாட்டுங்கக்கா."

என் முகத்தைப் பார்த்தாள். பூவாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் சுவிட்சை அணைத்தாள். அப்புறம்தான் என்ன என்று கேட்டாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடாரத்தின் மறுகோடியில் இருந்த கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். தண்ணீரைக் குறிக்கும் நீள்ளு என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

மோட்டார் நிற்கும் இடத்தில் தாளை நனைத்தேன். பச்சை. அவள் தொட்டியில் நனைத்தேன். பச்சை. அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுதான் நல்லதா?"

"இதுதான் நல்லது."

"இன்னும் வரலாமில்ல?"

"வரலாம்" என்றேன்.

திரும்பி ஓடினேன். பாறைகளுக்கிடையே ஃபோர்மேன் முழங்கால் தண்ணீரில் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் சங்கிலிபோல நின்று வண்டியிலிருந்து ஒவ்வொரு மூட்டையாகக் கைமாற்றினார்கள். நான் சொல்லாமலே அவர் அந்தக் கல் வடிகாலின் வாயைத் தேடிக் களிமண் வைத்து அடைத்துவிட்டு வந்திருந்தார். "நான் வரும்போது லேசா வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு மேடம்" என்றார். "கொஞ்சம் தாண்டியிருக்கலாம். பொய் சொல்லமாட்டேன்."

மூட்டைக்கு மேல்புறம் தண்ணீர் குட்டைபோலத் தேங்கியது. மேலிருந்து புதுத் தண்ணீர் வந்தால் குட்டை வழிந்துவிடும் என்று, ஓடையைச் சுற்றி விட்ட குழாய்களின் மேல்வாயையும் அடைத்தோம். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. வாயை அடைத்தால் மேலே தண்ணீர் ஏறும். அதிகம் ஏறினால் காலையில் போட்ட கான்கிரீட் பள்ளத்துக்குள் வந்துவிடும். போதாததற்கு, ஐந்தரைக்கு மேல் அங்கே யாரும் இருக்கக்கூடாது என்று வனத்துறை முன்பே சொல்லியிருந்தது. அந்தப் பருவத்தில் யானைகள் அந்த ஓடையில்தான் தண்ணீருக்கு இறங்கும்.

கான்கிரீட் நனைக்கத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியை வரவழைத்து, குட்டையில் குழாய் விட்டு உறிஞ்சினோம். கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டில் கழிவுத் தண்ணீருக்கென்றே தொட்டி உண்டு. அங்கே போய்க் கொட்டிவிட்டு வரவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் முக்கால் மணி நேரம். லாரி போயிருக்கும் நேரத்தில் நான் கரையோரம் கீழே நடந்து, பாறைக்குக் கீழே மூன்று இடத்திலும் மோட்டாரிடத்திலும் தாளை நனைப்பேன். ஒருமுறை பாறைக்கு அடுத்த இடத்தில் பச்சையில் நீலம் கலந்து வந்தது. அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தேன். கால் மணி கழித்து மறுபடி நனைத்தபோது பச்சையாக இருந்தது. தாண்டி வந்த கொஞ்சத்தை ஓடையே கரைத்துக்கொண்டது போல.

நாலு மணிக்கு அக்கா கரைக்கு வந்தாள். மோட்டாரிடத்தில் தண்ணீர் ஓரமாகக் குனிந்து நின்றாள். "மீன் குஞ்சு இருக்குது" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். நகத்தளவு மீன்கள் கூட்டமாக ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் சொன்னேன். "தார்ப்பாய் இல்லாத குழில கழுவச் சொன்னது நான்தான்க்கா. ஃபோர்மேன் கேட்டாரு, நான் சரின்னேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா?"

"தப்புன்னு தெரியும். இப்படி ஆகும்னு தெரியாது."

அவள் திரும்பிக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு வனக்காவலர் பைக்கில் வந்தார். குட்டை முக்கால்வாசி வற்றியிருந்தது. யானைகள் இன்னும் காட்டுக்குள்தான் நிற்கின்றன, டேங்கர் இன்னும் ஒரு நடை அடித்துக்கொள்ளலாம் என்றார். யானை குடிக்கிற தண்ணீர் என்பதால் அவருக்கும் கவலை இருந்தது. நான் தாள் நனைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். கடைசி நடையில் குட்டையின் அடிவரை உறிஞ்சியபின், மேல் குழாயில் கொஞ்சம் திறந்து நல்ல தண்ணீர் விட்டு அலசி, அதையும் உறிஞ்சிக்கொண்டார்கள். மிச்சம் நின்றதில் தாள் பச்சைக்கு வந்துவிட்டது. ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழாய்களின் வாயை முழுக்கத் திறந்தோம். மேலே தண்ணீர் கான்கிரீட் பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு ஜாண் கீழேயே நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "எழுதிக் கொடுங்க. உங்க தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றார். எழுதினேன். ஒரு வாரம் கழித்து, அத்தனை சைட்டுக்கும் ஒன்றுக்கு இரண்டாகத் தார்ப்பாய்க் குழி வேண்டும், குழி தயாராக இல்லாவிட்டால் லாரியை வாசலிலேயே நிறுத்த சைட் இன்ஜினியருக்கு அதிகாரம் உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. என்னை யாரும் எங்கும் மாற்றவில்லை. அந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோதுதான் வேலை போகாது என்று நம்பினேன்.

அக்கா ஒரு வாரம் மோட்டார் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டாள். நான் தினமும் காலையிலும் மாலையிலும் போய்த் தாள் நனைத்து, நனைத்த தாள்களை அவள் கூடார வாசலில் வைத்துவிட்டு வருவேன். அவள் உள்ளேயிருந்து பார்ப்பதோடு சரி. மூன்றாம் நாள் வெளியே வந்து, "எனக்கும் கொஞ்சம் அந்தத் தாள் குடு. நானே பாத்துக்கறேன்" என்றாள். ஒரு கட்டைக் கொடுத்தேன். எப்படி நனைப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று காட்டினேன். ஒரு தட்டில் மட்டும் ஓடைத் தண்ணீர் விட்டு நான்கு நாள் வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு நாற்றுகூட வாடவில்லை. அப்புறம்தான் மற்றவற்றுக்கும் விட்டாள். அந்த ஈடு நாற்று காவேரிப்பட்டினத்துக்குப் போயிற்று. வண்டியில் ஏற்றும்போது நானும் போய் நாலு தட்டு தூக்கிக் கொடுத்தேன். டீ போட்டுத் தந்தாள். "உன் மேல இன்னும் கோவம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டுதான் தந்தாள்.

பாலம் முடிந்ததும் குழாய்களையும் மூட்டைகளையும் எடுத்து ஓடையை அதன் பழைய வழியில் விட்டோம். முதலில் கொஞ்ச நேரம் கலங்கி ஓடியது. ஃபோர்மேனும் நானும் புதுப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கல் மெல்லக் கீழே போயிற்று. தூணைச் சுற்றி ஓடிய தண்ணீரில் கூழாங்கல் தெரியத் தொடங்கியது. பத்து மணிவாக்கில் கீழேயிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. போடலாம் என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளே தாளை நனைத்துப் பார்த்திருப்பாள்.