ஓசி ஆபரேஷனுக்கு மட்ட நூலாம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா இருந்தார் என்று யாராவது ஆரம்பித்தால், எங்கள் தொழிலில் இருப்பவன் முதலில் கேட்பது, பாலிசி எடுப்பதற்கு முன்பே ராஜாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்பதுதான். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டர் அப்படிப்பட்ட இடம். அட்டையை நீட்டிவிட்டு, உள்ளே இருப்பவன் கம்ப்யூட்டரைப் பார்க்க, நாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம் அல்லவா? நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவித்தீர்கள், நான் இந்தப் பக்கம்.

இடம் ஹைதராபாத், பேகம்பேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நகரமெங்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்த காலம். தென்காசியிலிருந்து வந்த எனக்கு சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை, கவுண்டர் கிடைத்தது. என் முன்னால் இரண்டு வரிசை. ஒன்று கம்பெனி அட்டை, ரொக்கம் என்று வருகிறவர்களுக்கு. இன்னொன்று, வெள்ளை ரேஷன் கார்டு உள்ள ஏழைகளுக்குப் பெரிய ஆபரேஷன்கள் இலவசம் என்று அரசு அப்போது புதிதாகக் கொண்டுவந்திருந்த திட்டத்துக்கு. தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன் நான். எதிரில் யாராவது "ம்" கொட்டினால்தான் எனக்குக் கதை ஓடும். கொட்டிக்கொண்டே வாருங்கள்.

ஸ்டெல்லாவின் இதயம்

அந்தோணி அண்ணன் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். மாரெட்பள்ளியில் வீடு. வட ஆற்காட்டிலிருந்து சிகந்தராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்ட குடும்பம். பேசுவது தமிழ்தான், ஆனால் சவாரி ஏறுவது போலத் தெலுங்கும் உருதுவும் வழியில் ஏறிக்கொள்ளும். நானும் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து டீக்கு என்னைக் காசு கொடுக்க விட்டதில்லை. அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு வயது. மாடிப்படி ஏறினால் இரைக்கிறது என்று ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தார். பரிசோதித்ததில் இதயத்தில் ஓட்டை. டாக்டர் உடைத்தே சொன்னார்: இப்போது அடைத்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் போல ஓடுவாள், தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் கெட்டுவிடும், பிறகு அடைக்கவே முடியாது.

அவரை என் கவுண்டருக்கு அழைத்து வந்து, "கவலைப்படாதீங்கண்ணே, உங்க வெள்ளை கார்டுக்கு எல்லாமே இலவசம், அடுத்த வாரமே சேர்த்துரலாம்" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகே குனிந்து கேட்டார்: "கூடப் பொறந்தவனே ஒரு டீ சும்மா வாங்கித் தரமாட்டான் தம்பி, கவர்மென்ட்டு எதுக்கு இவ்ளோ பெரிய ஆபரேஷன ஃப்ரீயா குடுக்குது?"

டீக்கடைச் சட்டசபை

ஏன் கொடுக்கிறது என்பதற்கு ஆட்டோ ஸ்டாண்டில் பதில் தயாராக இருந்தது. இலவச ஆபரேஷனுக்கு மட்ட நூலில் தைப்பார்களாம், ஆறு மாதத்தில் பிரிந்துவிடுமாம். கார்டைப் பதிந்தால் ரேஷன் அரிசியை நிறுத்திவிடுவார்களாம். எல்லாமே 'ஆம்'. யார் பார்த்தது என்று கேட்டால், பார்த்தவர் எப்போதும் கரீம்நகரிலோ நல்கொண்டாவிலோ இருந்தார்.

டீக்கடை டீவியிலும் அதே விவாதம்தான். ஏழையின் உயிரைக் காக்கிறோம் என்றார் ஒரு கட்சிக்காரர். தனியாருக்கு அள்ளிக் கொடுக்கும் பணத்தில் அரசு ஆஸ்பத்திரிகளைச் சரிசெய்யலாமே என்றார் மற்றவர். யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்கள் போட்ட சத்தத்தில் டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்தது 'மோசடி' என்ற ஒரு சொல் மட்டும். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தியேட்டர், ஒரே டாக்டர், ஒரே நூல் என்று சொன்னேன். பஸ்ஸில் நான் இறங்கும் இடத்தைச் சொன்னாலே கண்டக்டர் "ஏமி?" என்று இரண்டு தடவை கேட்பார், என் குரல் அப்படி. டீவிக்கு முன்னால் அது எங்கே எடுபடும்? அந்தோணி அண்ணன் மட்டும் எனக்காகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டுச் சொன்னார்: "ஹவ், ஆமா தம்பி, டாக்டர் அதே டாக்டர்தான், ஆனா ஓசின்னா கை வேற மாதிரி வேலை செய்யும்."

படித்தவரின் மெயில்

கொஞ்ச நாளில் அவர் மனம் இளகியது. திங்கட்கிழமை ஸ்டெல்லாவைச் சேர்ப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் குகட்பள்ளியிலிருந்து ஒரு சவாரி. நம் ஊர்க்காரர், சாஃப்ட்வேர் இன்ஜினியர். தன் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தார். தமிழ் தெரிந்த ஆட்டோக்காரர், வழியெல்லாம் பேச்சு. இலவசத் திட்டத்தில் பெரிய டாக்டர் வரமாட்டார், படிக்கிற பையன்கள்தான் கத்தி பிடித்துப் பழகுவார்கள் என்று ஆபீஸ் மெயிலில் வந்ததாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை ஆட்டோ வந்தது, ஸ்டெல்லா வரவில்லை.

அந்த இன்ஜினியர் அப்பாவின் கட்டுப் பிரிக்க மறுபடி வந்தபோது அந்த மெயிலைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். வேடிக்கை என்னவென்றால், அவர் தன் கம்பெனி இன்சூரன்ஸையும் தொடாமல் கைக்காசைத்தான் கட்டியிருந்தார். க்ளெய்ம் போட்டவர்களின் பெயர்தான் ஆட்குறைப்பில் முதலில் வருமாம், அதற்கும் ஒரு மெயில். பொருளாதார மந்தம் வந்து ஆபீஸ் ஆபீஸாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம், அவர் பயத்தையும் குறை சொல்ல முடியாது. "யாரு சார் இதையெல்லாம் எழுதறது?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "சும்மா யாரும் எழுதமாட்டாங்க பாஸ், கீழ ஒரு டாக்டர் பேரே போட்டிருந்துச்சு."

நாவல்பழ உதடு

அந்தோணி அண்ணன் முடிவெடுத்துவிட்டார். காசு கொடுத்தே செய்வது. காசு வாங்கின டாக்டருக்குப் பயம் இருக்கும், பயம் இருந்தால் கை நடுங்காது என்பது அவர் கணக்கு. டாக்டர் சொன்ன எச்சரிக்கையை நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம், "ஓட்டை பொறந்ததுலேந்து இருக்குது தம்பி, ஒரு வருஷத்துல என்னா ஆவப்போவுது, நக்கோ, ஓசி வேணாம்" என்று ஆட்டோவைக் கிளப்பிவிடுவார். அந்த வருஷம் பார்த்து விமானங்களெல்லாம் பேகம்பேட்டைவிட்டு ஷம்ஷாபாத் புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன. நல்ல சவாரிகளும் அங்கேயே போயின. விடிகாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலெல்லாம் நோயாளிகள், சாயங்காலம் மார்க்கெட் மூட்டைகள். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார்.

விடுமுறை நாட்களில் ஸ்டெல்லாவை என் கவுண்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார். நான் தமிழில் கதை சொல்வேன், அவள் தெலுங்கில் "ஆ" கொட்டுவாள். ஒரு நாள் வாசலில் அப்பாவின் ஹாரன் கேட்டுவிட்டதென்று ஓடினாள். அது வேறு ஆட்டோ. திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். நான் பயந்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினதை அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று மூச்சுக்கு நடுவில் கெஞ்சினாள்: "அன்னா, நேனு உரிகின்ன அனி நான்னகு செப்பகு."

அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன்.

காசு வரிசை

மறு வாரம் வந்தார். ஆட்டோ கையில் இல்லை, விற்றாகிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை. ஸ்டெல்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் ஃப்ராக். வழக்கமாக என்னோடு பேச வரும் பக்கம் வராமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரொக்கம் கட்டுகிறவர்கள் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் சிரித்தார். "இந்தப் பக்கம் தம்பி, காசு பக்கம்" என்றார்.

எல்லா டெஸ்டும் மறுபடி எடுத்தார்கள். அதே டாக்டர்தான். இந்தத் தடவை அவரே வெளியே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தோணி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நுரையீரலில் அழுத்தம் ஏறிவிட்டது. இனி ஓட்டையை அடைத்தால் இதயம் தாங்காது, ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விடும். மாத்திரை கொடுத்து, இருக்கிறவரை பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

டாக்டர் எழுந்து போன பிறகும் அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா ஃப்ராக்கின் லேஸ் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தார். காசு வரிசையில் யாருமே இல்லை, இருந்தும் அங்கே நிற்கவில்லை. அடுத்த பக்கம் போய், வெள்ளை கார்டுக்காரர்களுக்குப் பின்னால் நின்று, முறை வந்ததும் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்: "தம்பி, இப்ப ஃப்ரீயா செய்யச் சொன்னா செய்வாங்களா?"

கார்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் ஸ்டாண்டில் கூப்பிட்டவர்களைத் திரும்பிப் பார்க்காமல், வெயிலில் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

எங்கள் தொழிலில் எந்த நோய்க்கும் பாலிசி பணம் தரத் தொடங்குமுன் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு, வதந்திக்கு மட்டும்தான் முதல் நாளிலிருந்தே முழு கவரேஜ்.