அக்கா பார்த்த பதம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகியும், உலை கொதிக்கும் ஓசை கேட்டால் அவர் உள்ளே இருக்கிறார் என்றே மனம் நம்பிவிடுகிறது.

அக்கா ஆம்பூரில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் மண்டியில் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய செந்நிறத் தண்ணீரிலிருந்து தோலைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தி, "பதம் வந்துடுச்சு" என்பார். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. சமைக்கச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு பருக்கையை எடுத்து அப்பாவைப் போலவே அழுத்திப் பார்த்தார். அதே சொல்லைச் சொன்னார்.

அப்பாவுக்குப் பின், என்னைப் படிக்கவைக்க வேலூருக்கு வந்து, ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். தோல்காரர் மகள் ஆக்கிய சோற்றைத் தங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று சில தகப்பன்மார் வந்து நின்றனர். விடுதித் தலைவி தயங்கினார். அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"நீங்க போட்டுகினு வந்த செருப்பு எங்கப்பா பதம் பாத்த தோலா இருக்கும். அவர பாத்துதான் நான் சோத்துக்குப் பதம் பாக்கக் கத்துக்கினேன். ரெண்டுக்கும் ஒரே பேருதான். நான் இன்னா செய்யட்டும்?"

இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். மற்றவர்கள் உண்டார்கள். அன்று மட்டும் சோறு குழைந்திருந்தது.

பிற்பாடு நான் தமிழாசிரியனானேன். பழைய நூல்களில் பதம் என்பது பக்குவத்தை மட்டுமன்றி, சோற்றையே குறிப்பதைக் கண்டேன். தோலைப் பதனிடுதலும் அதன் வழி வந்ததே. சொல் என்று பொருள்படும் பதம் வேறு. அது வடமொழியிலிருந்து வந்தது. இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ எது மூத்தது, சோறா, தோலா?"

சோறுதான் போலிருக்கிறது என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லாத தம்பி. வருத்தப்படுவாரு."

அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் நான் சரி என்று தலையசைத்தேன்.

கடைசி மாதம் அக்கா படுக்கையை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமா அம்மாள் நாள்தோறும் கஞ்சி கொண்டுவருவார். கடைசி நாளன்று அக்கா கண்ணைத் திறக்காமலே கஞ்சியில் விரலை விட்டு ஒரு பருக்கையைத் தடவினார். "இன்னும் கொஞ்சம் வேவணும்" என்றார். ஹலீமா அம்மாள் முகம் சுளிக்காமல் எடுத்துப்போய் மறுபடி அடுப்பிலேற்றினார். அவர் திரும்புவதற்குள் அக்கா போய்விட்டார்.

வந்து உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஹலீமா அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்கா போன அன்று மாலை, அழுது ஓய்ந்திருந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கஞ்சியைக் குவளையில் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்றார்.