ஆணி அடித்த சபுக்கு மரம்

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிழலுக்கு நட்டிருந்த சபுக்கு மரத்துக்குள் என் அக்கா இருந்தாள். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கொழுந்து பறிக்கப் போகும்போது அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு நாளும் தாண்டியதில்லை. காற்று மாதங்களில் அதன் இலைகள் போடுகிற சத்தம், யாரோ வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி எனக்குக் கேட்கும்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, தோட்டத்து லொறியில் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளைப் போலவே பேச ஆரம்பித்தேன். அவள் பேசுகிற விதம் எனக்கு மறந்துபோய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. வீட்டில் யார் அதைக் கேட்டார்கள்? "அக்காக்காரிதான் புடிச்சிருக்கா" என்று கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள்.

அவன் என்னை மரத்தடியில் உட்கார வைத்து, முதுகை மரத்தோடு சாய்த்து, உடுக்கை அடித்தான். பிறகு என் உச்சி மயிரில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, மரத்தில் வைத்து அறைந்தான். கத்தியால் மயிரை அறுத்துவிட்டு, "திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போ" என்றான். அக்காவை மரத்தில் கட்டியாகிவிட்டதாம். படுபாவி! அவள் என்ன மாடா, கட்டிப்போடுவதற்கு? மரம் பருத்து, போகப் போக அந்த ஆணியை விழுங்கிவிட்டது.

எனக்கு வாய்த்த மனிதர் மரம் வெட்டுகிறவர். அவர் செயின் வாள் வாங்க ஹட்டனுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் நீளமான அலகு வைத்த பெரிய மிசினை எடுத்து வைத்து, "இதுதாங்க ஆம்பள வாங்குற மிசின்" என்றார். இவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "சரிவுல நின்னு வெட்டுறவனுக்கு இந்தப் பாரம் ஆவாதுங்க. கை அசந்தா வாள் நம்ம பேச்சக் கேக்காது" என்று சொல்லிச் சின்ன மிசின் ஒன்றைக் கேட்டார். கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வாள் எகிறும்போது கை அந்தத் தடுப்பில் இடித்தால் செயின் உடனே நின்றுவிட வேண்டும். அது வேலை செய்யாத மிசினைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பார். இவரோடு வேலை செய்த ஒருவருக்கு வாள் எகிறித்தான் முகம் போனது. நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணி குடிக்கிறாரோ இல்லையோ, உருண்டை அரத்தை எடுத்துச் செயினின் பல் ஒவ்வொன்றையும் ராவுவார். தூளைத் தட்டித் துடைப்பார். செயின் தொங்காமலும் இறுகாமலும் கையால் இழுத்தால் ஓடுகிற அளவுக்கு முறுக்கி வைப்பார். "என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிக் கவனிச்சிருக்கீங்களா?" என்று நான் ஏசாத வாரம் இல்லை. "ஒனக்குப் பல்லு தானாவே கூராத்தானே இருக்கு" என்பார்.

போன மழைக்கு அந்தச் சபுக்கு மரம் சாய்ந்தது. மேல்பக்கத்து வேர்கள் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, முழு மரமும் லயத்தைப் பார்த்துக் குனிந்து நின்றது. வெட்டச் சொல்லித் தோட்டத்து ஆபிசில் உத்தரவு கொடுத்துவிட்டார்கள். தலவாக்கலையிலிருந்து வந்த ஆட்கள் மரத்தில் இருந்த குங்குமத்தையும் கந்தல் துணியையும் பார்த்துவிட்டு, "இது ஆணி அடிச்ச மரம், எங்களுக்கு வேணாம்" என்று போய்விட்டார்கள். பேய்க்குப் பயந்தார்களோ இரும்புக்குப் பயந்தார்களோ. கடைசியில் வேலை இவர் தலையில் வந்து விழுந்தது.

மரம் விழ வேண்டும், அக்கா வெளியே வர வேண்டும் என்று இத்தனை வருசமாக மனசுக்குள் கிடந்த ஆசை. ஆனால் அவளை வெளியே எடுக்கப் போகிறவர் இவர்.

"ஆணி எங்கன இருக்குன்னு தெரிஞ்சா அத விட்டு மேல வெட்டிரலாம். தெரியாம வச்சேன்னு வையி, வாள் திரும்பி என் மூஞ்சிக்குத்தான் வரும்" என்றார்.

"எனக்குத் தெரியும்ங்க."

போய் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னம்மா வாசலில் நின்று, "அடியே, எந்திரிச்சு வாடி! மறுபடியும் புடிச்சுக்கப் போகுது!" என்று அலறினாள். "புடிச்சா புடிக்கட்டும் சின்னம்மா, எங்க அக்காதானே" என்றேன். வாய்தான் பேசியது. பின்னந்தலையில் பட்ட மரப்பட்டை ஐஸ் மாதிரி இருந்தது. அக்கா, இந்த மனுசனை மட்டும் ஒன்றும் செய்துவிடாதே என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன். நம்பாதவள் வைக்கிற வேண்டுதலா இது?

இவர் என் தலை உயரத்துக்குச் சோக்கால் கோடு போட்டார். "மரம் வளருறது நுனியிலதான். அடிச்ச ஆணி அடிச்ச எடத்துலயேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேலே மூன்று சாண் விட்டு இன்னொரு கோடு போட்டார். பேய் பிடித்ததென்று அங்கே உட்கார வைத்த மற்றப் பெண்களில் என்னைவிட நெட்டையானவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

மறுநாள் காலையில் லயத்துச் சனங்களை எல்லாம் வெளியேற்றினார்கள். மரத்தின் மேல்பாதியில் கயிறு கட்டி, அது லயத்துப் பக்கம் வராமல் தேயிலைக்குள் விழும்படி தள்ளி நின்று இழுத்துப் பிடித்தார்கள். இவர் தொப்பியும் முகவலையும் போட்டு, தான் பின்வாங்கி ஓட வேண்டிய பாதையைக் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் மிசினை முடுக்கினார். விழுகிற பக்கம் முதல் வெட்டு. தூள் பறந்தது.

திடீரென்று சத்தம் மாறியது. கிரீச்சென்று ஒரு கத்தல், ஒரு நெருப்புப் பொறி, வாள் அவர் முகத்தைப் பார்த்து எகிறியது. ஐயோ சாமி! மிசின் ஓடிக்கொண்டிருந்தது, செயின் ஓடவில்லை. தடுப்பில் கை இடித்து நின்றுவிட்டிருந்தது. இவர் மிசினை நிறுத்தி, முகவலையைத் தூக்கிவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார்.

"இங்கயும் ஒன்னு இருக்கு புள்ள!"

நின்ற பெண்ணின் தலை உயரம் அது. உட்கார மாட்டேன் என்று கோடாங்கியோடு மல்லுக்கு நின்ற ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் யாரென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இவர் வேறு செயின் மாட்டி, முறுக்கிப் பார்த்து, அந்த இடத்தை விட்டு இன்னும் மேலே ஏற்றி வெட்டினார். மரம் முனகிக்கொண்டு தேயிலைக்குள் சாய்ந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இரும்பின் கறை மரத்தோடு மேலே ஊறி, அடிக்கட்டையின் வெட்டில் சுற்றிலும் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. எத்தனை பேர்! யார் யாரை இழந்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார்களோ. இதில் என்னுடையது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. கட்டு விட்டுப்போய்விட்டது, எல்லாம் அது அது வீட்டைத் தேடி வரும் என்று சொல்லி, வாசற்படியில் விளக்குமாற்றைக் குறுக்கே போட்டு, எலுமிச்சங்காயை வெட்டி வைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் கதவை விரியத் திறந்து வைத்தேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன்.

பனி உள்ளே வந்தது. இவர் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து, ஆணியில் மழுங்கின பல்லை ராவிக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்து புள்ள, குளிருது."

"கொஞ்சம் பொறுங்க."

பொழுது சாய்கிற வரைக்கும் பொறுத்தார். யாரும் வரவில்லை.

"வரலைங்க. மரத்துல இருந்தப்பவாச்சும் எங்க இருக்கான்னு தெரிஞ்சுச்சு" என்றேன்.

இவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கதவைச் சாத்தச் சொல்லவில்லை.