மச்சான் காலால் ஓடிய பேட்டரி ஸ்கூட்டர்

பெட்ரோல் வண்டியைவிட பேட்டரி ஸ்கூட்டர் லாபமா என்று கேட்டால், லாபம்தான். ஆனால் நான் அதை வாங்கியது என் மனைவியின் தம்பியை மட்டம் தட்டவும்தான். சிதம்பரம் பெட்ரோல் பங்க்கில் அவன் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "சம்பாதிக்கிறதெல்லாம் டேங்க்லயே ஊத்து மச்சான்!" என்று எல்லார் எதிரிலும் கத்துவேன். அவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

மின்வெட்டு அதிகமாக இருந்த சமயம் அது. ஒருநாள் பாதி சார்ஜ்தான் ஏறியிருந்தது. பஸ்ஸில் போனால் அவன் சிரிப்பானே என்று, வீம்புக்கு ஸ்கூட்டரிலேயே குமராட்சிக்கு வேலைக்குப் போனேன். திரும்பும்போது நடுவழியில் நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்து நின்றது அவன் பைக்.

"உங்க வண்டியிலயே ஏறி உக்காருங்க" என்றான், முகத்தைப் பார்க்காமல். என் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு காலை ஊன்றித் தள்ளியபடியே பைக்கை ஓட்டினான். சரியாக அந்தப் பங்க் வாசலில் வேகத்தைக் குறைத்தான்.

"கால எடுத்துடட்டா மாமா? பெட்ரோல் வீணாப் போவுது."

பெட்ரோல் போடும் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடுக்காத மச்சான்" என்று கெஞ்சினேன்.

வீட்டு வாசலில் பெட்ரோலுக்கென்று ஐம்பது ரூபாயை நீட்டினேன். வாங்காமல் போய்விட்டான். வாங்கியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும்.